நிலமளந்த லாம்டன் துரை

செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில், சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குச் செல்லும் வழியில், கோவளம் என்னும் சிற்றூர் உளது. இன்று அங்குச் செல்வோர் மீனவர் படகுகளையும் முட்டுக்காட்டுக் கழிமுகத்தையும் பழைய கார்மேல் மாதா ஆலயத்தையும் கண்டு களித்துத் திரும்புவர். 18-ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் ஒரு கோட்டை இருந்தது. ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் கான் எழுப்பிய அக்கோட்டை பின்னர்ப் பிரெஞ்சுக்காரர் கைப்பட, 1752-ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் அதனை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். அவரோடு சென்ற வெள்ளைப் படைஞர் போர்ப்பயிற்சி சிறிதும் இல்லாப் புதியோர். முதற் குண்டுக்கே பலர் வெருண்டோடினர் என்றும், அவருள் ஒருவர் மறுநாள் ஒரு கிணற்றின் அடியிற் கண்டெடுக்கப்பட்டனர் என்றும் சரித்திரகாரர் உரைப்பர். கோட்டை பிடிபட்டபின் இடித்துத் தகர்க்கப்பட்டது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தது. கிளைவின் மைந்தராகிய எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை மாகாணத்துக் கவர்னராய் வீற்றிருந்தனர். தந்தையார் பீரங்கியாற் கைக்கொண்ட நாட்டை மைந்தர் சங்கிலியால் அளக்க ஆணை தந்தனர். அவ்வாணையைத் தலைமேற் கொண்டு அளந்தவரே வில்லியம் லாம்டன் என்னும் பெரியார். கோவளத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ எட்டு மைல் சென்றாற் பெரும்பாக்கத்துக் குன்று. அதனினின்றும் வடக்கே மேலும் ஏழரை மைல் சென்றாற் பரங்கிமலை. இவ்விரு குன்றுகளுக்கும் இடையே 1802-ஆம் ஆண்டிற் போடப்பட்ட ஒரு நேர்கோட்டினின்றே பாரத நாட்டின் பெரிய நிலப்படம் கிளைத்து வளர்ந்தது.

எம்மோடு பள்ளியிற் பயின்ற நண்பர் ஒருவர் இப்பொழுது கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் புவித்தகவலியல் என்னும் படிப்பை மேற்கொண்டுள்ளனர். நில அளவையும், வானத்துச் செயற்கைக் கோள்களின் துணைகொண்டு படம் வரைதலும் அப்படிப்பின் பகுதிகளாம். மேனிலைப் பள்ளியோடு கணிதத்திற்கு வணக்கம் கூறிவிட்டுத் தமிழுக்கு வந்த எமக்கு அவர் கூறுவனவற்றுட் பாதி விளங்குவதில்லை. எனினும் அக்கல்லூரியின் வேர் 1794-ஆம் ஆண்டிற் சென்னையில் எண்மர் சிறுவரோடு தொடங்கிய ஒரு நில அளவைப் பள்ளியே என்று அவர் கூறியது எம் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. அச்சிறுவர் யாவர், அவர் யாருக்குத் துணை நின்றனர் என்று தேடப் புகுந்த வழியில் எதிர்ப்பட்டவரே லாம்டன் துரை. ஆகலின் அவர் சரித்திரத்தைக் கூறுங்கால் அச்சிறுவர் சரித்திரத்தையும் உடன் கூறாது விடுதல் எமக்கு இயலாது.

வில்லியம் லாம்டன் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்து தேசத்து யார்க்ஷையரில், நார்தலர்ட்டன் என்னும் ஊரையடுத்த ஒரு பண்ணையில், எளிய குடியிற் பிறந்தார். படிப்பிக்கப் பெற்றோரிடம் பொருள் இல்லை. அயலார் சிலர் சிறுவனுடைய அறிவுக் கூர்மையைக் கண்டு அவ்வூர் இலக்கணப் பள்ளியில் இடம் தேடித் தந்தனர். பிறர் ஈகையாற் கற்றவர் என்னும் இச்செய்தியை அன்பர்கள் நினைவிற் கொள்க. பின்னே அதற்குப் பயன் உண்டு.

1781-ஆம் ஆண்டிற் படையிற் சேர்ந்து அமெரிக்கா சென்றனர். அவ்வாண்டே யார்க்டவுன் என்னுமிடத்தில் ஆங்கிலப் படை சரணடைய, லாம்டனும் சிறைப்பட்டனர். விடுதலையுற்றபின், பிரித்தானியருக்கு எஞ்சிய நாட்டிற்கும் புதிய அமெரிக்கக் குடியரசுக்கும் இடையே எல்லை வகுக்கும் பணியில் நிலமளக்கக் கற்றனர். அப்பால் நியூ பிரன்ஸ்விக் என்னும் குளிர்நாட்டிற் படைவீடுகளைக் காக்கும் ஓர் அலுவல் கிடைத்தது. பனி மூடிய அவ்வூரிற் பேசிப் பழக ஆள் அரியர். கணித நூல்களோ கிடைத்தன. பத்தாண்டுக்கு மேல் தாமே ஆசிரியரும் தாமே மாணாக்கருமாய் இருந்து வானநூலும் பூமியின் வடிவை ஆராயும் கணிதமும் கற்றனர். சூரிய கிரகணம் ஒன்றைக் காக்கும் திரையின்றி நோக்கியதால் இடக்கண்ணின் பார்வை கெட்டதும் அக்காலத்தே என்பர். எஞ்சிய ஒரு கண்ணாலேயே அவர் நம் நாட்டை அளந்தனர்.

1798-ஆம் ஆண்டில் அவருடைய படைப்பிரிவு சென்னைக்கு வந்தபொழுது அவர்க்கு வயது நாற்பதுக்கு மேல், பதவியோ லெப்டினன்டு. உடன் தொடங்கியோர் பலர் அவரைக் கடந்து சென்றுவிட்டனர். உணவு மேசையில் அதிகம் பேசார், சீட்டாட்டத்தில் மகிழார். அப்படைக்குத் தலைவராயிருந்தவர் ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெலிங்டன் பிரபு எனப் புகழ்பெற்றவர். அடுத்த ஆண்டு திப்பு சுல்தானோடு நிகழ்ந்த போரில் ஒரு நாள் இரவு பேர்டு என்னும் தளபதி ஒரு படைப்பிரிவை நடத்திச் சென்றனர். தெற்கே தம் பாசறையை நோக்கிச் செல்வதாகவே அவர் எண்ணியிருந்தனர். லாம்டன் வானத்தை நோக்கி, எழுமீன் மண்டிலம் நின்ற நிலையைக் கண்டு, படை வடக்கே பகைவர் முகத்திற்கே செல்கின்றது என்று எடுத்துரைத்தனர். தளபதிக்குச் சினம் மூண்டது. திசைகாட்டியை வருவித்து விளக்கின் ஒளியிற் பார்த்தபின்னரே உண்மை விளங்கிற்று. அன்று முதல் அமைதியான அம்மனிதர் சொல்லுக்குச் செவி கிடைத்தது.

சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், தீபகற்பத்தின் இரு கரைகளையும் முக்கோணங்களால் இணைத்தளக்கும் திட்டம் ஒன்றை லாம்டன் எழுதித் தந்தனர். வெல்லெஸ்லியின் ஆதரவால் 1800-ஆம் ஆண்டில் அதற்கு இசைவு கிடைத்தது. கும்பினியார் வேண்டியது படை செல்லவும் வரி தண்டவும் உதவும் படம். லாம்டன் விரும்பியதோ பூமியின் வடிவை அறிதல். பூமி துருவங்களில் சற்றே தட்டையாயிருத்தலின், வடக்குத் தெற்காக ஒரு பாகையின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடும். பூமத்திய ரேகையை அடுத்த நாடுகளில் அதனை நுட்பமாக அளந்தாலன்றி அவ்வடிவு துணியப்படாது. ஒருவர் பணத்தைக் கொண்டு மற்றொருவர் தம் கனவை நிறைவேற்றிக்கொண்டார் என்றே யாம் கருதுகின்றோம். இருதிறத்தாரும் நட்டம் அடைந்திலர்.

கருவிகள் வந்து சேர்ந்த கதை தனியே ஒரு புராணம். ராம்ஸ்டன் என்பவர் செய்த நூறடி எஃகுச் சங்கிலி ஒன்று, 1793-ஆம் ஆண்டிற் சீன தேசம் சென்ற மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவோடு சென்ற பொருள்களுள் ஒன்று. சீனப் பேரரசர் அத்தகைய பொருள்களை விரும்பாமையின் அது குழுவிலிருந்த டின்விடி என்னும் அறிஞர் கையில் தங்கிக் கல்கத்தாவை அடைந்தது. அங்கே லாம்டனுக்காக விலைக்கு வாங்கப்பட்டது. கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்டு, கேரி என்பவர் லண்டனிற் செய்தது, அரை டன் நிறையுடையது. கடலில் வருங்கால் அக்கப்பலைப் பிரெஞ்சுப் போர்க்கப்பல் கவர்ந்து மொரிஷியஸ் தீவிற்குக் கொண்டுசென்றது. பொருள் இன்னதென்று அறிந்த அத்தீவின் பிரெஞ்சுக் கவர்னர் கல்விக்குரிய கருவி போர்ப்பொருள் ஆகாது என்று கொண்டு, பாராட்டு மடலோடு சென்னைக்கு அனுப்பிவைத்தனர். போரிட்டுக்கொண்டிருந்த இரு நாட்டார் நடுவே நிகழ்ந்த இச்செயல் எத்துணைப் பெருந்தகைமை!

தியோடலைட்டு வரும்வரை லாம்டன் காத்திருந்திலர். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் அடிக்கோடு அளக்கத் தொடங்கினர். அடிக்கோடு என்பது முக்கோணச் சங்கிலியின் முதற் பக்கம். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரியுமாயின் ஏனைய இரு பக்கங்களும் கணக்கினாற் கிடைக்கும். கிடைத்த பக்கத்தை அடியாகக் கொண்டு மேலும் ஒரு முக்கோணம். அதன் பக்கத்தின்மேல் மற்றொன்று. இவ்வாறு ஆற்றையும் காட்டையும் சங்கிலியால் அளவாது, கண்ணால் அளந்தே நாடு கடக்கலாம். ஆயின் அத்தனையும் முதற் கோடு ஒன்றனையே நம்பி நிற்பன. அதிற் புகுந்த பிழை முக்கோணந்தோறும் பரவி, இமயம் வரை சென்று சேரும்.

ஆகவே அக்கோட்டை அளப்பதில் அவர் காட்டிய கவலையை விரித்துரைத்தல் வேண்டும். சங்கிலியை வெறுந்தரையில் இடவில்லை. முக்காலிகளின்மேல் நீண்ட மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றை மட்டம் பார்த்து, உள்ளே சங்கிலியைக் கிடத்தி, ஒரு முனையிற் கட்டிய எடையால் ஒரே இழுப்பில் நிறுத்தினர். வெயில் படாதவாறு மேலே கூடாரத் துணி. பெட்டிகளுள் வெப்பமானிகள். ஏனெனில் எஃகு வெயிலில் நீளும். பாரன்ஹீட் கணக்கில் ஒரு பாகை வெப்பம் ஏறினால் நூறடிச் சங்கிலி அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே நீளும். இஃது ஒரு பொருளா என்று எம் போன்றோர் எண்ணுவோம். ஆயின் அச்சங்கிலி நானூறு முறை இடப்பட்டது. நானூறு முறையில் அது மூன்றங்குலம் ஆகிவிடும். சித்திரை வைகாசி மாதங்களில் வைகறைக்கும் நண்பகலுக்கும் இருபது பாகை வேறுபாடு இருப்பின், ஐந்தடி! செங்கற்பட்டு நாட்டுக் கோடை வெயிலைப் பட்டறிந்தவர்க்கு அவர் ஏன் வெப்பமானியைக் கணந்தோறும் நோக்கினார் என்பது கூறாமலே விளங்கும். முடிவிற் கணக்கிட்ட நீளம் 40,006 அடியும் சிறிது மிகையும். ஏழரை மைலுக்குச் சற்று மேல்.

பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் சூழ்ந்த அப்பக்கத்தில் இன்று அடுக்குமாடி வீடுகளும் கணினிக் கம்பெனிகளும் நெருங்கி நிற்கின்றன. அன்று அது குன்றுக்குக் குன்று கண்ணுக்கெட்டும் திறந்த வெளியாயிருந்தது.

இனி அச்சிறுவரைப் பற்றிக் கூறுவோம். சென்னையில் அந்நாளிற் பெற்றோர் இல்லா ஆண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் இருந்தது. அங்கிருந்தோருட் பலர் ஐரோப்பியப் படைஞர்க்கு இந்நாட்டுத் தாய்மாரிடத்துப் பிறந்த மக்கள். அதனை நடத்தியவர் ஆண்ட்ரு பெல் என்னும் குருவானவர். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டனர். அதனைத் தம் இல்லத்திற் புகுத்தி, மூத்த மாணாக்கன் இளையோனுக்குக் கற்பிக்கும் முறையையும் உடன் அமைத்தனர். பின்னர் அது சென்னை முறை என்னும் பெயரோடு இங்கிலாந்திற் பரவியது. தமிழ்ப் பிள்ளைகளின் மணலேடு கடல் கடந்து ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஆசானாயிற்று என்று எழுதுங்கால் எமக்குப் பெருமிதம் தோன்றாமலில்லை.

அவ்வில்லத்துப் பிள்ளைகளுக்கு வாழ்வு எளிதன்று. 1791-ஆம் ஆண்டிற் கும்பினியார் ஒரு கொடிய விதி செய்தனர். தாய் தந்தையருள் ஒருவர் இந்தியராயிருப்பின் அம்மைந்தர் கும்பினியின் உயர் உத்தியோகங்களிலும் படை அதிகாரப் பதவிகளிலும் சேரலாகாது என்பதே அது. தந்தை நாட்டார் கதவடைத்தனர். தாய் நாட்டாரும் தம்மவர் என்று ஏற்றிலர். இவ்விதி பிறந்து மூன்றாண்டில், 1794-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், மைக்கேல் டாப்பிங் என்னும் அளவையாளர் கோட்டையை அடுத்த ஒரு கட்டடத்தில் நில அளவைப் பள்ளியைத் தொடங்கினர். சென்னை வானாராய்ச்சி நிலையத்தை 1792-ஆம் ஆண்டில் எழுப்பியவரும் அவரே. அவர் பெயர் பொறித்த கருங்கற்றூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கின்றது. அதன்மேல் தமிழெழுத்தும் உண்டு. கும்பினியார்க்கு அளப்போர் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வருவிப்பிற் செலவு மிகும். ஆதலின் குறைந்த ஊதியத்திற்கு இசையும் இவ்வனாதைப் பிள்ளைகளைக் கொள்வதே வழி எனப்பட்டது. எண்மர் சேர்ந்தனர். டாப்பிங் 1796-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மசூலிப்பட்டணத்திற் காய்ச்சலால் மாண்டபின், கோல்டிங்காம் என்பவர் பள்ளியை நடத்தினர். அவர் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றியும் ஒரு கட்டுரை வரைந்தவர்.

சிக்கனத்திற்காகத் தொடங்கிய பள்ளி என்பதை மறைத்தற்கில்லை. எனினும் அடைத்த கதவுகளுக்கு இடையே அச்சிறுவர் கண்ட ஒரே திட்டிவாசல் கோணமும் கணக்குமே ஆயின. அங்குப் பயின்ற ஜோஷுவா டி பென்னிங் என்னும் இளைஞர் லாம்டனிடம் வந்து சேர்ந்து, அவர் இறக்கும்வரை இருபதாண்டுக்கு மேல் உடனிருந்தனர். ராசன்ரோட் என்பவரும் அவ்வழியில் வந்தவர். அவர்களுக்கு லாம்டனின் கூடாரமே கலாசாலை. பகலிற் குன்றேறிக் கோணம் பார்த்தல். இரவில் விளக்கொளியில் மடக்கைப் பட்டியல்களைப் புரட்டிக் கணக்கிடல். கணக்குத் தவறினால் மறுநாள் மீண்டும் குன்றேறல். பிறர் ஈகையாற் படித்த அவ்வுழவர் மகனார் இப்பிள்ளைகளைத் தம் மக்களைப்போல் நடத்தினர். அவர்களும் அவரைத் தந்தையாகவே கொண்டனர். லாம்டன் முறைப்படி மணம் புரிந்திலர். இந்நாட்டுப் பெண்டிரிடத்து அவர்க்கும் மக்கள் பிறந்தனர். அஃது அக்காலத்து ஆங்கிலேயரிடைப் பெருவழக்கு. அதனைப் புகழ்வார் அல்லேம். ஆயினும் தம் சொந்த மக்களும் அவ்விதியின் கீழ்ப் பட்டவரே என்பதை அவர் அறிந்திருப்பர் அன்றோ!

இவரினும் கீழே நின்றவர் கொடிக்காரரும் சங்கிலிக்காரரும் சுமையாளரும். அரை டன் கருவியைக் குன்றின் உச்சிக்குத் தோளிற் சுமந்தவர் அவரே. காட்டிற் புகுந்து கொடி நட்டு, காய்ச்சலால் முதலில் வீழ்ந்தவரும் அவரே. அவருட் பெரும்பாலோர் நம் நாட்டினர். அவர் பெயர் எந்தப் படத்திலும் இல்லை.

1802-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தியோடலைட்டு வந்து சேர, முக்கோணங்கள் தெற்கே கடலோரமாய்ச் சென்று, கடலூரையடுத்த திருவகீந்திரபுரம் வரை ஒரு பாகைக்கு மேற்பட்ட நீளத்தை அளந்தன. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் திருமால் மூன்றடியால் உலகளந்த சிற்பத்தைக் கண்டவர், மூன்று கோணத்தால் அளந்த இவரையும் நினைத்துக்கொள்ளலாம். அதன்பின் படை மேற்கே திரும்பி மைசூர் நாட்டைக் கடந்து மங்களூரை அடைந்தது. சென்னைக்கும் மேல்கரைக்கும் இடைத்தொலை 400 மைல் எனப் பழைய படங்கள் காட்டின. அளந்து பார்க்க 360 மைலே என்று தெரிந்தது. நாற்பது மைல் நாடு ஏட்டில் மட்டுமே இருந்தது! 1804-ஆம் ஆண்டிற் பெங்களூரையடுத்து மற்றோர் அடிக்கோட்டை அளந்து சோதித்தனர். சென்னைக் கோட்டினின்று முக்கோண வழியாகக் கணக்கிட்ட நீளத்திற்கும், சங்கிலியால் நேரில் அளந்த நீளத்திற்கும் ஏழு மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் வேறுபாடு நாலங்குலமும் இல்லை. வெப்பமானி நோக்கியது வீண்போகவில்லை.

அப்பெங்களூர்க் கோட்டை அளந்த ஜான் வாரன் என்பவரைப் பற்றித் தமிழ் மாணவர் ஒரு சொல் கூறாது கடத்தல் தகாது. பிரெஞ்சுக் குடியிற் பிறந்த அவர் பின்னாளிற் புதுச்சேரியில் வாழ்ந்து, நம் பஞ்சாங்க முறைகளைப்பற்றிக் காலசங்கலிதம் என்னும் பெருநூலை 1825-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமாய் அறிந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணத்தைக் கணித்த தமிழ்ச் சோதிடர் ஒருவரைக் கண்டு, அவர் முறையை ஒழுங்காக எழுதிவைத்த பெருமையும் அவர்க்குண்டு.

வேலை பெருகச் செலவும் பெருகிற்று. சென்னை அதிகாரிகளுள் ஒருவர் இவ்வளவு எதற்கு என்று வினவினராம். சீரங்கப்பட்டணம் செல்ல விரும்புவோர் பல்லக்குத் தூக்குவோரிடம் கூறினாற் போதும், லாம்டனின் படம் இன்றியே போய்ச் சேரலாம் என்பது அவர் வாதம். நகைக்கத்தக்கதாயினும் அவ்வாதத்தில் ஒரு நேர்மை உண்டு. ஊரில் வாழ்வோர்க்கு ஊர் தெரியும். படம் வேண்டுபவர் ஊருக்கு அயலாரே. லாம்டன் அளந்தது எவர்க்காக என்னும் வினாவை இந்நாட்டு மாணவர் ஒதுக்கிவிடல் ஆகாது. அவர் வயலை அளந்து வரி விதித்தவர் அல்லர். எனினும் அவர் நாட்டிய புள்ளிகளைப் பற்றிக்கொண்டே பின்வந்தோர் நாட்டின் ஒவ்வொரு மூலையையும் படமாக்கினர். படையும் வரியும் அப்படத்தின்மேல் நடந்தன. அறிவின் பொருட்டு அளந்த கோடு ஆட்சியின் கயிறாகவும் முறுக்கப்பட்டது. இரண்டும் உண்மை, ஒன்றைக் கூறி ஒன்றை விடுதல் சரித்திரம் ஆகாது.

1808-ஆம் ஆண்டிற் காவிரி நாட்டை அடைந்தபொழுது ஓர் இடர் நேர்ந்தது. அங்குக் குன்றுகள் இல்லை. தென்னையும் மாவும் கண்ணை மறைத்தன. ஆதலின் கோபுரங்களே குன்றுகள் ஆயின. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் தியோடலைட்டை ஏற்றுங்கால் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதியது. கோணம் குறித்த பெரு வட்டம் வடிவு கெட்டது. வேறொருவராயின் இங்கிலாந்துக்கு எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பர். லாம்டன் தம் கூடாரத்துள் புகுந்து கருவியைப் பகுதி பகுதியாகப் பிரித்தனர். அகன்ற பலகை ஒன்றில் வட்டத்தின் உண்மை அளவைக் குறித்து வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு, கெட்ட வட்டத்தை மயிரிழை மயிரிழையாக இழுத்து அதனுட் பொருத்தினர். வளைந்த ஆரங்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினர். ஆறு வாரத்திற் கருவி பழைய நிலையை ஏறக்குறைய எய்தியது. அதனைக் கொண்டே மேலும் பல ஆண்டு அளந்தனர்.

இது நிகழ்ந்த இடம் எது என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு. ராஜராஜ சோழன் உலகளந்த கோல் கொண்டு தன் நாட்டை அளப்பித்தவன். அவன் எடுப்பித்த அக்கோயிற் சுவர்களிலேயே, வேலியைக் காணியாகவும் முந்திரியாகவும் பகுத்து, அவற்றையும் கீழ்க்கணக்கிற் பகுத்துக் காட்டும் நில அளவைகள் பொறிக்கப்பட்டுள்ளன. முந்திரி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. கீழ்முந்திரி அதனிலும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இன்றைய வேலியளவில் அது மூன்று சதுரஅடியும் ஆகாது. எண்ணூறாண்டு கழித்து மற்றோர் அளவையாளர் கருவி மோதியது அச்சுவரிலே. இலக்கணத்தில் மாத்திரையை நான்காகப் பகுத்த நம் முன்னோர் நிலத்திலும் அவ்வாறே நுணுகினர் என்பதைக் கணித மாணவர்க்குத் தெரிவித்தற்கு யாம் இவ்விடத்தைப் பயன்படுத்திக்கொள்ளுகின்றோம்.

அடுத்துக் குமரி முனையை ஒட்டிய நாட்டையும் அளந்து முடித்து, பெருவில் வடக்கே ஏறிற்று. 1817-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. பகை நாடாயிருந்த பிரான்சு தேசத்து அறிஞர் கழகமும் அவ்வாறே சிறப்பித்தது. 1818-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அளவைப் பணி கவர்னர் ஜெனரலின் நேர் ஆட்சிக்கு மாறி, பெரிய முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டே ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் துணைவராய் வந்தனர். முதியவர் தளர்ந்திருந்தனர், எனினும் தியோடலைட்டின் முன் நின்றால் இளமை மீண்டது. எவரெஸ்ட் ஆற்றல் மிக்கவர், ஆயின் முன்கோபி. பழைய துணைவர்க்கு முன்னிருந்த தந்தையின் இடத்தை அவர் நிரப்பினார் என்று கூறுவதற்கில்லை.

1823-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஹைதராபாத்திலிருந்து நாகபுரிக்குப் படை சென்றுகொண்டிருந்தது. லாம்டன் காச நோயால் மெலிந்திருந்தும் பல்லக்கில் உடன் சென்றனர். வழியில் ஹிங்கன்காட் என்னும் ஊரில் அம்மாதம் 20-ஆம் நாள் உயிர் நீத்தனர். அவ்விடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டனர். அகவை எழுபதை ஒட்டியிருந்தது. அளந்து முடித்த நிலம் 1,65,000 சதுர மைலுக்கு மேல். இமயத்தின் உயர்ந்த சிகரத்திற்கு 1865-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் பெயர் சூட்டப்பெற்றது. லாம்டன் பெயருக்கு அத்தகைய புகழ் வாய்த்திலது. பரங்கிமலையில் பின்னாளில் வைக்கப்பட்ட அரையுருவச் சிலை ஒன்று உண்டு. எண்மரோடு தொடங்கிய பள்ளியோ வளர்ந்து, 1859-ஆம் ஆண்டிற் பொறியியற் கல்லூரியாகி, 1920-ஆம் ஆண்டிற் கிண்டிக்குக் குடிபெயர்ந்து, 1978-ஆம் ஆண்டு முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. சங்கிலி இருந்த இடத்தில் இன்று செயற்கைக் கோள் உளது. முக்கோணம் மட்டும் வேறுருவில் இன்னும் கணக்கினுள் இருப்பதாக எம் நண்பர் கூறுகின்றார்.

டி பென்னிங் தம் முதியவரை இழந்தபின் பணியை விட்டகன்று, சில ஆண்டு கழித்து மீண்டும் அழைக்கப்பெற்றுக் கல்கத்தாவிற் கணக்கு அலுவலகத்தை நடத்தினர். 1831-ஆம் ஆண்டில் அவ்வளவைப் பணியிற் கணக்காளராக மாதம் முப்பது ரூபாய் ஊதியத்திற்குச் சேர்ந்த வங்க இளைஞர் ராதாநாத் சிக்தார். அப்பொழுது அவர் வயது பதினெட்டு. எம் வகுப்பினர் பலரினும் இளையவர். இமயத்துப் பதினைந்தாவது சிகரமே உலகில் உயர்ந்தது என்று 1852-ஆம் ஆண்டிற் கணக்கிட்டுக் கண்டவர் அவரே.